முதலில் நின்ற டிரம்

“அது எங்க வூட்டுக்காரரு கட்டின பாட்டு அய்யா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வூட்டுல ஊதுவாரே. நான் அடுப்பாண்ட குந்திக்கினு இருக்கச் சொல்ல, அவரு வாசல்ல குந்திக்கினு ஊதுவாரு.”

“யாருக்காக ஊதுவார்?”

வேலம்மாள் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவில் போன மாட்டு வண்டியைப் பார்த்தாள்.

“வேற யாராவது கேட்டிருக்காங்களா? சாட்சி வேணுமே.”

“நான்தான் சாட்சி.”

“பெண்டாட்டி சொல்றதைக் கமிட்டி எடுத்துக்காதும்மா.”

“அது தெரிஞ்சிதான் உங்ககிட்ட வந்தேன்” என்று அவள் எழுந்தாள். வாசற்படி இறங்கியவள் திரும்பி நின்றாள். “எங்க ஊரு வாய்க்காலாண்ட போயி நின்னு பாருங்க. உங்களுக்கே தெரியும்.”

நான்கைந்து நாட்களாக சிங்காரவேலுவின் மனத்தில் இந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்காக ஊதுவார் என்று கேட்டதற்கு ஒரு பெண் ஏன் வண்டியைப் பார்க்க வேண்டும்?

சிங்காரவேலு புதுச்சேரி கோர்ட்டில் துபாஷியாக இருந்தவர். பொய்ச் சாட்சிகளை இரண்டு பாஷையிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு வில்லியனூரில் துப்பறியும் தொழிலை ஆரம்பித்தார். அவருக்கு ஒரே உதவியாளர், மனைவி கஸ்தூரி. சம்பளம் கிடையாது. அந்தக் குறையை அவள் வாயால் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கு இதுதான். ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசியத் திருவிழாவுக்காகப் புதுச்சேரியில் ஒரு கமிட்டி போட்டி வைத்தது. பேண்டு வாத்தியத்துக்குப் புதிதாக ஒரு பாட்டு கட்ட வேண்டும். அதற்கு முன் யாரும் எங்கும் வாசித்திருக்கக் கூடாது. ஜெயிப்பவருக்கு நகர பேண்டில் உதவி மாஸ்டர் உத்தியோகம், குடியிருக்க வீடு. வில்லியனூர் மிராசுதார் மகன் பலராமன் அனுப்பிய பாட்டு ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நகர பேண்டு அதை வாசித்துக் காட்டியபோது, மல்லாட்டைக் கடலை விற்க வந்திருந்த வேலம்மாள் கூடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

அவள் புருஷன் அய்யனார், சோரியாங்குப்பத்தில் கூலி வேலை செய்பவன். கல்யாணம், சாவு என்றால் ஊர் பேண்டில் கிளாரினெட் ஊதுவான். ஊதுவான் என்பது பழைய கதை. இரண்டு வருஷமாக அவன் வாத்தியத்தைத் தொடவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. இப்போது சைகோனுக்குக் கூலியாகப் பேர் கொடுத்திருந்தான். நாளைக்குக் கப்பல்.

“போனா திரும்பி வர மாட்டாரு அய்யா” என்று வேலம்மாள் சொல்லியிருந்தாள். “அந்த உத்தியோகம் கிடைச்சா ஒருவேளை நிப்பாரு.”

ஆட்சேபம் சொல்லக் கமிட்டி கொடுத்த கெடுவும் நாளையோடு முடிகிறது. அதனால் அன்று காலை முதல் வேலையாக சிங்காரவேலுவும் கஸ்தூரியும் பலராமன் வீட்டுப் படியேறினார்கள்.

பலராமன் முப்பது வயதுக்காரன். நல்ல முகம். கூடத்தில் உட்காரவைத்து, தானே மோர் கொண்டுவந்து கொடுத்தான்.

“நீங்க என்ன வாத்தியம் வாசிப்பீங்க?” என்று ஆரம்பித்தார் சிங்காரவேலு.

“கிளாரினெட். சின்ன வயசிலேருந்து.”

“ஜெயிச்ச பாட்டுல கிளாரினெட்டே இல்லையே?”

பலராமன் டம்ளரைக் கீழே வைத்தான். “அது... ஒரு புதுமை.”

“கல்யாணத்துக்கு ஊரையே அழைச்சுட்டு, மாப்பிள்ளையை மட்டும் வாசல்ல நிக்க வெச்சுட்டீங்க” என்றாள் கஸ்தூரி. “புதுமைதான்.”

“நானும் கேட்டுப் பார்த்தேன்” என்றார் சிங்காரவேலு. “பாட்டு நடுவுல ஒவ்வொரு வாத்தியமா நின்னு போகுது. அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பி வருது. அதுலயும் பெரிய டிரம் முதல்ல நிக்குது. டிரம் நின்னா நடக்கிறவன் கால் தடுமாறுமே. ஏன் அதை முதல்ல நிறுத்தினீங்க?”

“நடுவருங்க அதைத்தான் ரொம்பப் பாராட்டினாங்க.”

“நடுவருங்களைக் கேக்கல. உங்களைக் கேட்டேன்.”

பலராமன் தரையைப் பார்த்தான். “எனக்குத் தெரியாது முசியே” என்றான். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது உறைத்தது போல அவசரமாக நிமிர்ந்தான். “இன்னும் கொஞ்சம் மோர்?”

 வண்டி வரைக்கும் அவன் கூடவே வந்து, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேருங்கள் என்று சொல்லி அனுப்பினான்.

குதிரை வண்டி ஊர் எல்லை தாண்டியதும் சிங்காரவேலு சொன்னார். “தான் கட்டின பாட்டுல டிரம் ஏன் நிக்குதுன்னு அவனுக்கே தெரியல. அப்போ அவன் கட்டினது இல்லை. அது மட்டும் நிச்சயம்.”

“திருடினவன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்தத் திருடன் துப்பறிய வந்தவங்களுக்கு ரெண்டு தடவை மோர் குடுப்பான்? இவன் திருடன்னா, நான் ஒரு திருடனுக்கே வாக்கப்பட்டிருக்கலாம்.”

“வேளைக்கு மோர் கிடைச்சிருக்கும்.”

“நான் கடையாம கிடைச்சிருக்கும். அது முக்கியம்.”

வழியில் பிரெஞ்சு மண் முடிந்து இங்கிலீஷ்காரன் மண் வந்தது. கொஞ்ச தூரத்தில் அதுவும் முடிந்து மறுபடி பிரெஞ்சு மண். ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் வண்டியை நிறுத்தினார்கள். ஒரு சேவகன் கஸ்தூரியின் சோற்று மூட்டையை அவிழ்த்து முகர்ந்து பார்த்தான்.

“புளிச்சோறுதான்பா” என்றாள் அவள். “மோந்ததோட நிறுத்தாம ஒரு வாய் போட்டுட்டு உப்பு சரியா இருக்குதான்னு சொல்லு. இவரு இன்னிக்கி வரைக்கும் சொன்னதில்ல.”

சேவகன் சிரித்துவிட்டு வழிவிட்டான். சிங்காரவேலு சிரிக்கவில்லை. அவர் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வேலம்மாள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். வாய் திறக்காத ஒரு புருஷன், கேட்க நேரமில்லாத ஒரு கமிட்டி, பொழுது விடிந்தால் கப்பல். எதை வைத்துக்கொண்டு யாரை மறிப்பது?

சோரியாங்குப்பத்தில் வண்டியை விட்டு இறங்கி, வழி விசாரித்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார்கள். தெருமுனையைத் தாண்டினால் இருபுறமும் கரும்பு. நடுவில் ஒற்றையடிப் பாதை. அதன் முடிவில் வாய்க்கால். இடுப்பளவு தண்ணீர், கலங்கலாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு பனைமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து, மேல்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

“நின்னு பார்த்தாச்சு” என்றார் சிங்காரவேலு. “தண்ணி தெரியுது. வேற ஒண்ணும் தெரியல.”

“இக்கரையில நின்னு பாத்தா இக்கரைதான் தெரியும். வாங்க” என்று கஸ்தூரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். “நான் சொல்றதைக் கேளுங்க, அந்தப் பலராமன் கிட்ட இன்னும் ரெண்டு கேள்வி சேத்துக் கேட்டிருந்தீங்கன்னா அப்பவே—”

அவள் மரத்தில் கால் வைத்தாள்.

“அப்பவே?” என்றார் சிங்காரவேலு.

பதில் இல்லை. கஸ்தூரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பார்வையைக் கால் மேலேயே வைத்துக்கொண்டு, அடி அடியாகப் போனாள். சிங்காரவேலு அவள் முதுகையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து பாதி வாக்கியத்தில் அவள் நின்று அவர் பார்த்ததில்லை.

“கஸ்தூரி!” என்று கத்தினார். “கண்டுபிடிச்சுட்ட! நீ வாயை மூடினியே, அதுதான்! மரத்துல கால் வெச்சதும் ஒவ்வொருத்தனா ஊதறதை நிறுத்தறான். அக்கரை ஏறினதும் மறுபடி ஆரம்பிக்கிறான். பாட்டுக்கு நடுவுல இருக்கிற பள்ளம் இந்த வாய்க்கால்தான்!”

கஸ்தூரி திரும்பிப் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, “பரிசை... இப்பவே... குடுத்துடுங்க. இன்னொரு தடவை நடக்காது” என்றாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “ஆத்தா! நில்லு ஆத்தா! அந்தப் பக்கம் போவாத!”

கரும்புக்குள்ளிருந்து ஒரு ஆள் ஓடிவந்தார். கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தவர். உடம்பெல்லாம் கரும்புத் தூசி. கஸ்தூரி நடு மரத்திலிருந்து ஒருவழியாகத் திரும்பி வந்து மண்ணில் கால் வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

“ஏன்பா, முதலையா இருக்குது?” என்றாள் அவள்.

“பொம்பளைங்க தாண்டற மரம் இல்ல ஆத்தா இது. அந்தப் பக்கம் இடுகாடு. அத்த வுட்டா ஒண்ணும் கிடையாது.”

கஸ்தூரி செருகியிருந்த புடவையை மெதுவாக அவிழ்த்துவிட்டாள்.

அந்த ஆள் காத்தவராயன். ஊர் பேண்டில் பெரிய டிரம் அடிப்பவர் என்று தெரிந்ததும் சிங்காரவேலு அவரைக் கரையிலேயே உட்கார வைத்தார்.

“நீங்க வரிசையில எங்க நடப்பீங்க?”

“கல்யாணம்னா கடைசில. சாவுன்னா முன்னால. சாவு வருதுன்னு வழியில இருக்கிறவனுக்குத் தெரியணும் பாருங்க.”

“அப்போ சாவுக்குப் போறப்ப இந்த மரத்துல முதல்ல கால் வைக்கிறது நீங்க.”

“நான்தான். டிரம்ம தலை மேல தூக்கிப்பேன். எனக்கப்புறம் ஒவ்வொருத்தனா வருவான். பாடையத் தூக்கறவங்க தண்ணியில இறங்கிப் போயிடுவாங்க. எங்களுக்குக் கையில சாமான் இருக்குதே.”

சிங்காரவேலுவின் சந்தோஷம் எங்கேயோ போயிருந்தது. டிரம் முதலில் நின்றது ஏன் என்று நடுவர்களுக்கும் தெரியாது, பலராமனுக்கும் தெரியாது. சாவுக்கு நடந்தவனுக்குத்தான் தெரியும். திருவிழாவில் கொடியேற்றி வாசிக்கப் போகிற பாட்டு, இந்த வாய்க்காலைத் தாண்டி இடுகாட்டுக்குப் போகிற பாட்டு.

“கிளாரினெட்?” என்று கேட்டார். “ஒரு சாவுல கிளாரினெட் மட்டும் இல்லாம போயிருக்கீங்களா?”

காத்தவராயன் கையிலிருந்த சோகையை நாராகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“எங்கள்ல ஒருத்தன் வூட்டுல சாவு வுழுந்தா அவன் ஊதமாட்டான். அவன் சாமானை வேற எவனும் தொடவும் மாட்டான். வரிசையில அவன் நடக்கிற எடத்தைக் காலியா வுட்டுட்டு நடப்போம். அது பழக்கம்.” சோகையைத் தண்ணீரில் போட்டார். “ரெண்டு ஐப்பசி ஆச்சு. அய்யனாரு பொண்ணு. ருக்குமணின்னு பேரு. காய்ச்சல்ல போயிடுச்சி. இவன் வாசல்ல ஊதினாதான் தூங்கும், அப்படி ஒரு கொழந்த. வாய்க்கா ரொம்பி ஓடுது. அவனே கையில வெச்சிக்கினு தண்ணியில இறங்கினான். நாங்க மேல மரத்துல போறோம்.”

“குழந்தையோட அம்மா?” என்றாள் கஸ்தூரி.

“பொம்பளைங்க தெருமுனையோட நின்னுடணும் இல்ல? அது அங்கயே நின்னுச்சி. நாங்க ஒவ்வொருத்தனா நிறுத்தினது மட்டும் காதுல கேட்டிருக்கும்.”

கஸ்தூரி அக்கரையைப் பார்த்தாள். புல்லும் ஆவாரஞ்செடியும்தான் தெரிந்தன. “அங்க அடையாளம் ஏதாவது இருக்குதா?”

“கொழந்தைக்கு இன்னா அடையாளம்? மழைக்கு மேடெல்லாம் கரைஞ்சி போச்சி. எனக்கே தெரியாது ஆத்தா. வெச்சவனுக்குத் தெரியும்.”

திரும்பி நடக்கும்போது கஸ்தூரி ஒரு வார்த்தை பேசவில்லை. காலடியில் மரம் இல்லை, தரைதான் இருந்தது.

அய்யனார் வீட்டு வாசலில் ஒரு தகரப் பெட்டி தயாராக இருந்தது. அவன் குந்தி உட்கார்ந்து அதற்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள். வந்தவர்களைப் பார்த்து எழுந்து நின்றான், கயிற்றின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடியே. வேலம்மாள் கதவோரம் நின்றிருந்தாள்.

சிங்காரவேலு சுற்றி வளைக்கவில்லை. வாய்க்காலை, மரத்தை, டிரம்மை, காலியாக விட்ட இடத்தை, ஒவ்வொன்றாகச் சொன்னார். “இதை ஒருத்தனாலதான் கட்டியிருக்க முடியும். காத்தவராயன் வந்து சாட்சி சொல்லுவார். காலையில நானே கமிட்டிக்குப் போறேன். பலராமன் திருடினதுன்னு நிரூபிக்க எனக்கு இது போதும். நீ கூட வந்து ஒரு வார்த்தை சொன்னா உத்தியோகம் உனக்கு. வீடு உனக்கு. கப்பலேற வேண்டியதில்ல.”

“அவரு திருடல” என்றான் அய்யனார்.

“என்னப்பா?”

“பலராமன் அய்யா திருடல. நான்தான் குடுத்தேன்.”

கஸ்தூரி வேலம்மாளைப் பார்த்தாள். வேலம்மாள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

“கிளாரினெட்டால பழக்கம். பாட்டை நோட்டுல எழுத அவருக்குத்தான் தெரியும். நான் வாயால சொல்லச் சொல்ல எழுதினாரு. உன் பேரைத்தான் போடுவேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நான்தான் சத்தியம் வாங்கினேன். எங்க வேணா எடுத்துக்கினு போங்க, உங்க பேர்ல வெச்சிக்குங்க, யாரு கேட்டாலும் என்னைச் சொல்லாதீங்கன்னு.”

“ஏன்?”

அய்யனார் கயிற்றை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். பேசிப் பழக்கம் விட்டுப்போனவன் பேச்சு அது. நடுநடுவே நின்றது.

“தண்ணி மாருக்கு வருது. தூக்கிப் பிடிச்சிக்கினு போறேன். மேல ஒவ்வொருத்தனா நிறுத்தறான். டிரம் நின்னுச்சி. கொம்பு நின்னுச்சி. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. நடு வாய்க்கால்ல நானும் அவளுந்தான்.” கயிற்றை மறுபடி விரலில் சுற்றினான். “அவளத் தூங்க வெக்க ஊதின மெட்டுதான் மனசுல ஓடுச்சி. அது காதை வுட்டுப் போவல அய்யா. வேற யாருகிட்டயாவது குடுத்துட்டா என்னை வுட்டுடும்னு நெனைச்சேன்.”

“விட்டுதா?”

“இப்ப ஊரே வாசிக்குது.”

  சிங்காரவேலு, தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில், “அந்த உத்தியோகம்...” என்றார்.

“அந்த வேலைக்குப் போனா வருஷா வருஷம் திருவிழாவுக்கு நான் முன்னால நின்னு அத வாசிக்கணும். கவர்னர் இருப்பாரு. எல்லாரும் கை தட்டுவாங்க. என்னால ஆவாது. சைகோன்ல இந்தப் பாட்டு இல்ல.”

“சைகோன்ல எங்க பார்த்தாலும் வாய்க்கால்தான்னு எங்க மாமா சொல்லுவாரு” என்றாள் கஸ்தூரி. வேடிக்கையாகச் சொல்லத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் வேறாகிவிட்டது.

 கண்டுபிடிக்க இனி ஒன்றும் இல்லை. கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு செய்யவும் ஒன்றும் இல்லை. திருட்டே நடக்காத ஒரு வழக்கில் திருடனைத் தேடி அவர் இத்தனை தூரம் வந்திருந்தார். தெருக்கோடியில் மாட்டு வண்டியின் சலங்கை கேட்டது. கப்பலுக்குப் பேர் கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு போக ஏஜெண்டு அனுப்பிய வண்டி.

“மன்னிச்சுக்கோம்மா” என்றார் சிங்காரவேலு, வேலம்மாள் பக்கம் திரும்பி. “என்னால இவரை நிறுத்த முடியல.”

“தெரியும் அய்யா. நீங்க சொல்லிக்கினு இருக்கச் சொல்லவே தெரிஞ்சி போச்சி.”

அய்யனார் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். வேலம்மாள் கதவை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். உதடு அசைந்தது.  மறுபடி கதவையே பிடித்துக்கொண்டாள்.

கஸ்தூரி அவள் பக்கத்தில் போய் நின்றாள். “உள்ளே வெச்சிருக்கிறதைச் சொல்லிடு வேலம்மா” என்றாள் மெதுவாக. “வண்டி வந்துடுச்சி.”

சலங்கைச் சத்தம் வாசலுக்கு வந்து நின்றது. வண்டிக்காரன், “அய்யனாரு! ஏறு, ஏறு, இன்னும் நாலு ஊரு சுத்தணும்!” என்று கூப்பிட்டான்.

“போவாதன்னு சொல்லாத” என்றான் அய்யனார், அவளைப் பார்க்காமல்.

“சொல்லல. நீ போ.” அவள் குரல் முதலில் உடைந்தது. பிறகு நேரானது. “நீ போயிட்டா அந்த எடம் யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷமா கேக்கணும் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்து வந்து முழுங்கினேன். பெட்டிய கீழ வை. ஊரு இன்னா வேணா சொல்லட்டும். என்னையும் அந்த மரத்தைத் தாண்டிக் கூட்டிக்கினு போ. நம்ம பொண்ண எங்க வெச்சன்னு எனக்குக் காட்டிட்டுப் போ.”